ஆடிக்காற்றும் ஆகாய விமானமும்

உடுமலை பஸ் ஸ்டாண்டில் மூணாறு பஸ்ஸில் ஏறி உட்காருங்கள். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டினதும் காடு தொடங்கிவிடும். சின்னாறு, மறையூர், அப்புறம் தேயிலைத் தோட்டம். வளைந்து வளைந்து ஏறி மூணாறில் இறங்கும்போது பஸ் சுமார் 85 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இப்போது ஒரு நில வரைபடத்தை எடுத்து, உடுமலைக்கும் மூணாறுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். 58 கிலோமீட்டர் அளவுதான் வரும். மீதி 27 கிலோமீட்டரை மலை கேட்டு வாங்கிக்கொண்டது.

பஸ்ஸுக்கு ஒரு தூரம், வரைபடத்துக்கு ஒரு தூரம். விமானத்துக்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை, ரயில்வே கேட்டும் இல்லை. அதற்கு அந்த இரண்டாவது தூரம்தான் கணக்கு. நமக்குப் பக்கத்து விமான நிலையம் கோயம்புத்தூர் பீளமேட்டில் இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று யாரையும் கேட்காமல் நாமே கண்டுபிடிக்கலாம். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

கோவை விமான நிலையம் வடக்கு அட்சக்கோடு 11.03 டிகிரி, கிழக்கு தீர்க்கக்கோடு 77.04 டிகிரியில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் 12.99 டிகிரி, 80.17 டிகிரி. வடக்கே எவ்வளவு போக வேண்டும்? 1.96 டிகிரி. அட்சக்கோட்டில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கினால் 218 வருகிறது. கிழக்கே எவ்வளவு? 3.13 டிகிரி. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கி வருவதால், நம்ம பக்கத்தில் ஒரு டிகிரி 109 கிலோமீட்டர்தான். பெருக்கினால் 341. வடக்கே 218, கிழக்கே 341. இரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பிதாகரஸ் தேற்றத்தைப் போடுங்கள். கர்ணம் சுமார் 405 கிலோமீட்டர். சேலம் வழியாகச் சாலையில் போனால் ஏறக்குறைய 500.

இப்படி நோட்டிலேயே கணக்குப் போட முடிகிறதென்றால், யாரோ எப்போதோ வெயிலில் நின்று அளந்து வைத்ததால்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் அது நம்ம ஊர்ப் பக்கத்துக் கதை.

சென்னை விமான நிலையத்தை ஒட்டி பரங்கிமலை இருக்கிறது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, அந்த மலைக்குப் பக்கத்துச் சமவெளியில் ஒரு இரும்புச் சங்கிலியுடன் வேலையைத் தொடங்கினார். சங்கிலியின் நீளம் 100 அடி. அதை நீட்டி வைத்து, எடுத்து, அடுத்து நீட்டி வைத்து, ஏறக்குறைய 400 தடவை அளந்தார்கள். ஏழரை மைல் நீளமுள்ள ஒரே ஒரு நேர்க்கோடு. அதற்கு 57 நாள் ஆயிற்று. வெயில் பட்டால் இரும்பு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, சூடு எவ்வளவோ அதற்குத் தக்கபடி அளவைத் திருத்திக்கொண்டார்கள். ஒரு மயிரிழைப் பிசகு வந்தாலும் நூறு மைல் தள்ளி அது பெரிய பிசகாகிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

சரி, ஏழரை மைலை அளந்தால் இந்தியா முழுவதும் எப்படி அளந்ததாகும்? முக்கோணத்தின் மந்திரம் அங்கேதான் இருக்கிறது. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலும் உள்ள கோணங்களும் தெரிந்துவிட்டால், மற்ற இரண்டு பக்கங்களின் நீளம் தானாகக் கிடைத்துவிடும். அங்கே நடந்து போய்ச் சங்கிலி இழுக்க வேண்டியதில்லை. கோட்டின் இந்த முனையிலிருந்து தூரத்து மலையுச்சியைப் பார்த்து ஒரு கோணம், அந்த முனையிலிருந்து பார்த்து ஒரு கோணம். மலையுச்சி எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டது. இனி அந்தத் தூரமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படி முக்கோணத்தை முக்கோணத்தோடு ஒட்டிக்கொண்டே போனார்கள். கணக்கு வழி தவறவில்லையே என்று பார்க்க, இடையிடையே புதிதாக ஒரு கோட்டைத் தரையில் அளந்து ஒப்பிட்டார்கள். 1806இல் அப்படி ஒரு கோட்டை அளந்தது நம்ம கொங்கு நாட்டில், பச்சாபாளையம் என்ற ஊர்ப் பக்கத்தில்.

கோணம் அளக்கும் கருவிக்கு தியோடலைட் என்று பெயர். லாம்டனுடைய தியோடலைட் அரை டன் எடை. சமவெளியில் மலை இல்லாத இடத்தில் அதைக் கோயில் கோபுரத்தில் ஏற்றி வைத்துப் பார்ப்பார்கள். 1808இல் தஞ்சாவூர் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிப் போயிற்று. இன்னொன்று வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். லாம்டன் காத்திருக்கவில்லை. அக்கு அக்காகக் கழற்றி, நசுங்கின வளையத்தை நிமிர்த்தி, ஆறு வாரத்தில் பழையபடி வேலை செய்ய வைத்துவிட்டார். இந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன். சென்னையிலிருந்து மங்களூர் வரை 400 மைல் என்று பழைய வரைபடங்கள் காட்டிக்கொண்டிருந்தன. லாம்டன் அளந்து பார்த்து 360 மைல்தான் என்றார். நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது!

இப்போது நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 405ஐ 800ஆல் வகுத்தால் அரை மணி நேரம். ஆனால் கோவை சென்னை டிக்கெட்டைப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். மிச்ச நேரம் எங்கே போகிறது?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் அல்ல. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, அந்த ஊரில் போய் நிற்கும்வரை எல்லாமே அதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்காகக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது, இறங்கின பிறகு மறுபடி ஊர்ந்து போவது. ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று பொதுவாக ஒரு விதி உண்டு. கோவையிலிருந்து சென்னைக்குப் போகும் விமானம் ஏறி முடித்துச் சற்று நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். முழு வேகத்தில் போகக் கிடைப்பது கொஞ்சம் நேரம்தான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. விமான ஓடுபாதைகளுக்கு எண் உண்டு. கோவை ஓடுபாதையின் ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் எழுதியிருக்கும். திசைகாட்டியில் வடக்கு 0 டிகிரி, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. 05 என்றால் 50 டிகிரி, அதாவது வடகிழக்கு நோக்கி ஓடும் பாதை. 23 என்றால் 230 டிகிரி, தென்மேற்கு. ஒரே பாதைதான், ஓடும் திசைதான் வேறு. சென்னை கோவைக்கு வடகிழக்கே இருக்கிறது. அப்படியானால் சென்னை விமானம் எப்போதும் 05 என்ற முனையிலிருந்து வடகிழக்கே ஓடிக் கிளம்பினால் நேரம் மிச்சம்தானே?

ஆடி மாதத்தில் அப்படிச் செய்வதில்லை. விமானம் எதிர்காற்றை நோக்கித்தான் கிளம்ப விரும்பும். அதைத் தூக்குவது தரை அல்ல, இறக்கையின் மேலும் கீழும் பாயும் காற்று. இறக்கைக்கு மணிக்கு 260 கிலோமீட்டர் வேகக் காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், சக்கரம் 220 கிலோமீட்டர் வேகத்தில் உருண்டாலே போதும், விமானம் எழும்பிவிடும். ஆடியில் காற்று பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து, மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் சென்னைக்குப் போக வேண்டிய விமானம் தென்மேற்கே, சென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடி, எழும்பி, பிறகு அரைவட்டம் அடித்துத் திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று வரும்போது நேராகச் சென்னை பார்த்துக் கிளம்பலாம்.

"பூமி சுற்றுகிறதே! விமானம் மேலே போய்ச் சும்மா நின்றால் ஊர் தானாக அதற்குக் கீழே வந்துவிடாதா?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். நல்ல கேள்வி. பூமி சுழல்வதால் உடுமலை நகரமே, பஸ் ஸ்டாண்டும் பிரசன்ன விநாயகர் கோயிலும் உங்கள் பள்ளிக்கூடமும் சேர்ந்து, மணிக்குச் சுமார் 1,640 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. இன்று பறக்கும் எந்தப் பயணிகள் விமானத்தையும்விட வேகம். ஓடுகிற பஸ்ஸுக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தை மேலே எறிந்து பிடியுங்கள். அது பின்சீட்டில் போய் விழுவதில்லை, உங்கள் கைக்கே வரும். எறியும் முன்பே பழம் பஸ்ஸின் வேகத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. விமானமும் அப்படித்தான். அதைச் சுற்றியுள்ள காற்றும் அப்படித்தான். பூமியோடு சேர்ந்தே எல்லாம் சுற்றுகின்றன.

ஆனால் காற்று பூமியோடு முழுக்க ஒட்டிக்கொண்டு சுற்றுவதில்லை. ஓர் இடத்தில் கொஞ்சம் முந்தும், ஓர் இடத்தில் கொஞ்சம் பிந்தும். முந்தினால் நமக்கு மேற்குக் காற்று, பிந்தினால் கிழக்குக் காற்று. விமானம் நீந்துவது அந்தக் காற்றுக்குள். அதனால் அதன் நேரத்தை மாற்றுவதும் அந்தக் காற்றுதான்.

உடுமலைப் பிள்ளைகளுக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நெருக்கியடித்து நம்ம பக்கம் பாய்கிறது. குடிமங்கலம், பூளவாடிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் அந்தக் காற்றை நம்பித்தான் நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம்ம பாட்டிமார்கள் சொன்னது இந்தக் காற்றைப் பார்த்துத்தான்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. காத்தாடி மேற்குக் காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் அதே ஆடி மாதத்தில், அதே உடுமலைக்கு நேர் மேலே 12 கிலோமீட்டருக்கு மேல் போனால், காற்று தலைகீழாக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். சாதாரணக் காற்று அல்ல. அதன் நடுப்பகுதியில் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும். வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று அதைச் சொல்வார்கள். 1950களில் அதைக் கண்டறிந்து உலகத்துக்கு விளக்கினவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர்.

மேலே ஏன் கிழக்குக் காற்று? கோடையில் திபெத் பீடபூமி வெயிலில் நன்றாகச் சூடேறுகிறது. அங்கே எழும்பும் காற்று உயரத்தில் போய் நாலாபுறமும் பரவுகிறது. ஒரு பங்கு தெற்கே நம்மை நோக்கி வருகிறது. பூமி சுழல்வதால் வட பாதியில் ஓடும் காற்று எப்போதும் தன் வலப்பக்கம் திரும்பும். தெற்கே பார்த்து நில்லுங்கள், உங்கள் வலது கை எந்தத் திசையைக் காட்டுகிறது? மேற்கு. ஆகவே தெற்கே கிளம்பின காற்று மேற்கே திரும்பி ஓடுகிறது. திபெத்தின் சூடு உடுமலை வானத்தில் ஆறாக ஓடுகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதனால் விமானத்துக்கு என்ன? கோவையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,150 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீண்ட தூர விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும், அந்தக் கிழக்குக் காற்றின் அடிப்பகுதி அவற்றின் மேல் படும். கணக்குக்காக எதிர்காற்று வழி முழுக்க மணிக்கு 100 கிலோமீட்டர் என்போம். கிழக்கே சிங்கப்பூர் போகும்போது 800இல் 100 போய் 700. 3,150ஐ 700ஆல் வகுத்தால் நாலரை மணி நேரம். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், 900. மூன்றரை மணி நேரம். போக வர மொத்தம் எட்டு மணி நேரம்.

காற்றே இல்லாத நாளில்? போக வர 6,300 கிலோமீட்டர், 800ஆல் வகுத்தால் 7 மணி 52 நிமிடம் 30 விநாடி. போகும்போது இழந்த வேகத்தை வரும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டதே, பிறகு ஏன் ஏழரை நிமிடம் கூடுதல்? இதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்கு ஓடாமல் கொஞ்சம் யோசியுங்கள். காற்று நமக்குக் கெடுதல் செய்தது நாலரை மணி நேரம், உதவி செய்தது மூன்றரை மணி நேரம்தான். ஒரே தூரம், ஆனால் மெதுவாகப் போகும் பாதியில் நாம் அதிக நேரம் இருந்துவிடுகிறோம். அதனால் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் போய் வருகிற மொத்த நேரம் கூடத்தான் செய்யும், குறையாது. 100க்குப் பதில் 200 போட்டுப் பாருங்கள், இழப்பு இன்னும் பெரிதாக இருக்கும்.

ஊர்கள் ரொம்பத் தள்ளி இருந்தால் இன்னொரு வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை இருக்கும். பெங்களூரில் நூலின் ஒரு முனையை வைத்து, அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ வரை இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். சுவர் வரைபடத்தில் பார்த்தால் பசிபிக் கடலை நேராகக் குறுக்கே கடக்கத் தோன்றும். உருண்டையில் நூலோ வடதுருவத்துப் பக்கம் ஏறிப் போகும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அதுதான். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரில் இறங்கியது.

குறுகிய வழிதான் எப்போதும் சீக்கிரம் போகும் வழியா? இல்லை! அதற்கும் ஏர் இந்தியாவே சாட்சி. டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போகும் விமானம் முன்பெல்லாம் மேற்கே அட்லாண்டிக் கடல் வழியாகப் போனது. 2016 அக்டோபரில் அதே விமானத்தைக் கிழக்கே பசிபிக் வழியாக அனுப்பினார்கள். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடுதல், மொத்தம் சுமார் 15,300. ஆனால் நேரம் ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து, பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த விமானம் போகும் வட பகுதியில் உயரத்தில் ஓடும் தாரைக்காற்று நம்முடையதைப் போல அல்ல, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதை எதிர்த்துப் போவதைவிட, சுற்று வழியானாலும் அதோடு சேர்ந்து போவது லாபமாகிவிட்டது.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு, விடையை நீங்களே சொல்லுங்கள். கோவையிலிருந்து காலை 4 மணிக்குக் கிளம்பிய விமானம் ஷார்ஜாவில் காலை 6.30க்கு இறங்குகிறது. இரண்டரை மணி நேரப் பயணம் என்று சொன்னால் தவறு. டிக்கெட்டில் அந்தந்த ஊர்க் கடிகாரத்தைத்தான் போடுவார்கள். ஷார்ஜா கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது. சிங்கப்பூர்க் கடிகாரம் இரண்டரை மணி முந்தியது. இதை வைத்து ஷார்ஜா விமானம் பறந்த நேரத்தைக் கண்டுபிடியுங்கள். திருப்பூர் பனியன் வியாபாரத்துக்காக வெளிநாடு போய்வருகிற மாமாவோ அக்காவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய பழைய டிக்கெட்டை வாங்கி இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வருகிற ஆடியில் ஒரு வேலை செய்யுங்கள். மொட்டை மாடியிலோ மைதானத்திலோ நின்று, சூரியனை நேராகப் பார்க்காமல், ஒரு விளக்குக் கம்பத்தின் நுனியை அடையாளமாக வைத்துக்கொண்டு மேகங்களைக் கவனியுங்கள். தாழ்வாகப் போகும் பஞ்சு மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது, அதற்கு மேலே மிக உயரத்தில் கோழியிறகு போல இருக்கும் மெல்லிய வெள்ளை மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது? உயரத்து மேகம் மெதுவாக நகர்வது போலத்தான் தெரியும், பத்து நிமிடமாவது பொறுமையாகப் பாருங்கள். எல்லா நாளும் இரண்டும் ஒன்றாகத் தெரியாது. தெரிகிற நாளில் தேதி, நேரம், இரண்டு மேகங்களின் திசை, பக்கத்துக் காத்தாடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் நோட்டில் எழுதி, உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.